தோளுக்கு ஏற்ற பை

காமிரா வாங்குகிறவர்கள் ஆறு மாதம் யோசிக்கிறார்கள். நாலு பேரைக் கேட்கிறார்கள். கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ராத்திரி படுத்தால் கனவில்கூட லென்ஸ் வருகிறது. எல்லாம் முடிந்து பில் போடுகிற சமயத்தில் கடைக்காரர், "பை ஒன்று வேண்டாமா, சார்?" என்று கேட்பார். பின்னால் தொங்குகிற நாலைந்து கறுப்புப் பைகளில் ஒன்றைக் கைகாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண் பார்க்க ஊர் ஊராக அலைந்தவர், குடியிருக்கிற வீட்டை ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்த கதைதான். ஒரு நாள் முழுவதும் வெளியே சுற்றினால் படம் எடுக்கிற நேரம் மொத்தமாகப் பத்து நிமிஷம் இருக்குமோ என்னவோ! மீதி நேரமெல்லாம் நாம் பார்க்கிற உத்தியோகம் சுமை தூக்குவதுதான். அந்த உத்தியோகத்துக்கு உரிய கருவி பை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் நான் கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன்.

நான் கதை எழுதுகிறவன். காமிரா எனக்குக் குறிப்புப் புத்தகம் மாதிரி. ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்கள் காலை எப்படி மடக்கி உட்காருகிறார்கள், திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் எத்தனை அடிக்கு ஒன்று நிற்கிறது என்பதையெல்லாம் வார்த்தையில் குறித்துக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகிறது. படம் மறப்பதில்லை. இந்தக் காரணத்துக்காகத் தேனியை நடுவாக வைத்துக்கொண்டு போடிக்கும் சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் கூடலூருக்குமாகப் பல வருஷமாக அலைந்துகொண்டிருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கு மனுஷனை ஏமாற்றுகிற இடம். நடுவில் நின்று பார்த்தால் வயலும் தென்னையும் வாய்க்காலுமாகச் சமதரை. ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் ஏலமலை. எந்தப் பக்கம் திரும்பி நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் பாதை செங்குத்தாகிவிடும். சமதரையில் வாயைத் திறக்காத தோள் அங்கே பேசத் தொடங்கும்.

என் தோள் மூன்று வருஷங்களுக்கு முன்பு பேசத் தொடங்கியது. இடது தோள். கழுத்தடியில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் ஒரு குடைச்சல். எனக்கு வைத்தியம் செய்த டாக்டர் எலும்பில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு, "என்ன தூக்குகிறீர்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டார். சொன்னேன். "ஒன்று, தூக்குவதை விடுங்கள். இல்லாவிட்டால் தூக்குகிற விதத்தை மாற்றுங்கள். இரண்டும் முடியாது என்றால் இன்னும் இரண்டு வருஷத்தில் பேனா பிடிக்கிற கைக்கும் வந்துவிடும்" என்றார். காமிராவுக்கு ஆபத்து என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பேனாவுக்கு ஆபத்து என்றால் பிழைப்பே போய்விடும். பைகளைப் பற்றிய என் ஆராய்ச்சி இப்படித்தான் ஆரம்பமாயிற்று.

முதலில், என்னதான் தூக்குகிறோம் என்று தெரிய வேண்டும். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அவர் கடைத் தராசு கிராம் சுத்தமாகக் காட்டும். ஏலக்காய்க்கு அப்படித்தான் காட்ட வேண்டும். ஒரு மத்தியானம் அங்கே போய் என் சாமான்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். கேனன் 5டி மார்க் 4 காமிரா பாட்டரியோடு 890 கிராம். 24-70 லென்ஸ் 805. தூரத்துக் காட்சிக்கான 70-200 லென்ஸ் 1490. முக்காலி 1600. மாற்று பாட்டரி, மழைச் சட்டை, துடைக்கிற துணி, நோட்டுப் புத்தகம் எல்லாம் சேர்ந்து 700. எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில் நிரப்பினது 2 கிலோ. மொத்தம் ஏழரைக் கிலோவுக்குப் பதினைந்து கிராம் குறைவு. கடைப் பையன் தராசைப் பார்த்துவிட்டு, "இது எந்த ரகம் சார், ஏழு மில்லியா, எட்டு மில்லியா?" என்று கேட்டான். எட்டு மில்லி என்பது ஏலக்காயில் முதல் தரம்.

கண்ணாடி இல்லாத புதுக் காமிராக்கள் எடை குறைவு என்கிறார்கள். உண்மைதான்; காமிராவில் கால் கிலோ குறையலாம். ஆனால் அதில் மாட்டுகிற நல்ல லென்ஸ்கள் அவ்வளவாக இளைக்கவில்லை. தண்ணீரும் இளைக்கவில்லை.

இந்த ஏழரைக் கிலோவோடு பையின் எடையும் சேர வேண்டும். இங்கேதான் கடைக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கனத்த பஞ்சுத் தடுப்புகளும் இருபது ஜிப்புகளும் வைத்த பெரிய காமிரா முதுகுப் பை வெறுமனே இரண்டு கிலோ, சிலது மூன்று கிலோ. சாமானுக்குப் பாதுகாப்பு என்பார்கள். சாமானுக்குப் பாதுகாப்பு இருக்கட்டும், சுமக்கிறவனுக்கு? ஒவ்வொரு அடிக்கும் கட்டுகிற வரி அது.

தோளில் ஒரு பக்கமாக மாட்டுகிற பைக்கு ஒரு பெரிய பரம்பரை உண்டு. 1970களின் நடுவில், அமெரிக்காவில் பிலடெல்பியா இன்க்வயரர் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜிம் டோம்கி என்பவர், அப்போது கிடைத்த பெட்டி மாதிரியான பைகள் பிடிக்காமல், மெத்தென்று இடுப்போடு ஒட்டிக்கொள்கிற கித்தான் பை ஒன்றைத் தாமே வகுத்தார். பத்திரிகைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1973ல் ஆரம்பித்த பில்லிங்ஹாம் கம்பெனி முதலில் தைத்தது தூண்டில் போடுகிறவர்களுக்கான பை. நியூயார்க்கில் படக்காரர்கள் அதில் மீனுக்குப் பதிலாகக் காமிராவைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்பது சில வருஷம் கழித்துத்தான் கம்பெனிக்கே தெரிந்தது. இரண்டும் நல்ல பைகள். கையை விட்டதும் காமிரா கைக்கு வரும். தேனி சனிக்கிழமைச் சந்தையில் சுற்றவும், பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு நிற்கவும், ஒரு கல்யாண வீட்டில் புகுந்து புறப்படவும் இதைவிட மேலான பை கிடையாது. நானும் அந்த மாதிரி ஒன்றைப் பன்னிரண்டு வருஷம் தோளில் போட்டேன். இன்றும் ஊருக்குள் போவதென்றால் அதுதான்.

ஆனால் அது நடக்கிறவனுக்காகச் செய்தது அல்ல. நின்று நின்று போகிறவனுக்காகச் செய்தது. ஒரு தோளில் எடை விழுந்தால் அந்தத் தோள் நம்மை அறியாமல் மேலே தூக்கிக்கொள்கிறது, வார் நழுவாமல் இருப்பதற்காக. முதுகெலும்பு மறுபக்கம் வளைந்து சமன் செய்கிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதை மூச்சு விடாமல் உழைக்கிறது. அரை மணிக்கு ஒரு தரம் தோளை மாற்றலாம். ஆறு கிலோமீட்டர் ஏற்றத்தில் மாற்றி மாற்றி, கடைசியில் இரண்டு தோளும் போய்விடும்.

அந்தக் காலத்துப் படக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. காரணம், அவர்கள் தூக்கவில்லை. மதராஸ் ராஜதானியின் அரசாங்கப் படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் 1858ல் மதுரைக்கு வந்து கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். தேனியும் கம்பமும் வெகுகாலம் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தவைதான். 1996ல்தான் தேனி தனி மாவட்டம் ஆயிற்று. டிரைப்பின் நெகடிவ் மெழுகு ஏற்றிய காகிதம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு அடி உயரமும் ஒண்ணே கால் அடி அகலமும். அதற்கேற்ற காமிரா எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் மாட்டு வண்டியில் வந்தது. சாமுவேல் போர்ன் என்ற இன்னொரு வெள்ளைக்காரர் 1863ல் சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் புறப்பட்டபோது ஏறக்குறைய முப்பது பேர் அவர் சாமானைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போது கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியாக வேண்டும். அதனால் காமிராவோடு இருட்டுக் கூடாரமும் மருந்துப் பெட்டியும் கண்ணாடிக் கட்டுகளும் மலை ஏறின. போர்ன் எடுத்த பனிமலைகளைப் பார்த்து இன்றும் வியக்கிறோம். அடியில் அவர் பெயர் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போன முப்பது பேருக்கும் சௌகரியமான பை இருந்ததா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

சுமக்கிறவர்களைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு படமே வந்திருக்கிறது. 2018ல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி எடுத்தது. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இந்த மலையில் ஏறி இறங்கி ஏலக்காய் மூட்டை சுமக்கிற ஒருவன் துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிற கதை. அவன் நம்பிக்கையெல்லாம் அடங்கியிருந்த மூட்டை சரிவில் உருண்டு, காய் பள்ளத்தில் சிதறுகிற இடம் ஒன்று வரும். கொட்டகையில் எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் "ஐயோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். நான் அந்தப் படத்தை இரண்டாவது தரம் பார்த்தது கதைக்காக அல்ல, நடைக்காக. மூட்டையோடு ஏறுகிறவன் எப்படிக் கால் வைக்கிறான் என்று பார்க்கத்தான். உடம்பு ஆடவே ஆடாது. எடை நேராக எலும்பின் வழியாகக் கீழே இறங்குகிறது.

தலைச்சுமையின் ரகசியம் அதுதான். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதன்மேல் மூட்டையை வைத்தால், பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே உட்கார்ந்துவிடுகிறது. சதைக்கு வேலை குறைவு. நம்மால் தலையில் காமிராவை வைத்துக்கொண்டு போக முடியாது. பத்தாவது அடியில் விழும். அதற்கென்று சிறு வயதிலேயே கழுத்து பழகியிருக்க வேண்டும். நமக்கு அடுத்தபடியாக உள்ள எலும்பு இடுப்பெலும்பு. பட்டணத்துக் கடைகளில் விற்கிற மலையேற்றப் பைகளில் இடுப்புக்கு ஒரு அகலமான பட்டை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அதை வயிற்றுக்கு மேலே கட்டக்கூடாது. இடுப்பெலும்பின் மேல் விளிம்பைப் பிடித்தாற்போல் கட்டி, முதலில் அதை இறுக்கி, பிறகுதான் தோள் வாரை இழுக்க வேண்டும். சரியாகக் கட்டினால் பாரத்தின் பெரும் பகுதி இடுப்பில் இறங்கிவிடும். தோள் வார் பையைப் பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. காமிராப் பை என்று பெயர் போட்டு விற்கிறவற்றில் பலவற்றுக்கு இந்த இடுப்புப் பட்டை ஒரு நாடா அளவில்தான் இருக்கிறது. பூணூலுக்கு அண்ணன் என்று சொல்லலாம்.

சும்மாட்டைப் பற்றிச் சொல்லும்போது சுமைதாங்கியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய பாதைகளின் ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைப் போட்டிருப்பார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கர்ப்பத்தோடு செத்துப்போன பெண்ணின் பெயரால் வைப்பது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்காக மற்றவர்கள் சுமையை இறக்கிக்கொள்ள ஓர் இடம். சுமக்கிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் அந்தக் கல்லில் இருக்கிறது. சுமப்பதைக் காட்டிலும் கஷ்டம், தரையிலிருந்து தூக்கி ஏற்றுவது. தனியாக வருகிறவன் மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தலையில் ஏற்ற இன்னொருத்தன் வேண்டும். கல்லின்மேல் தள்ளி வைத்தால், போகும்போது அப்படியே குனிந்து வாங்கிக்கொள்ளலாம்.

பை பார்க்கிறவர்கள் இந்தப் பாடத்தை மறந்துவிடக் கூடாது. நான் ஒரு பையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அது தானாக நிமிர்ந்து நிற்கிறதா என்பதைத்தான். நிற்காத பை ஈரத்தில் படுத்துக்கொள்ளும். இரண்டாவது, உச்சியில் பிடி உறுதியாக இருக்கிறதா; பாதி எடையை அதைப் பிடித்துத்தான் தூக்கி முதுகில் ஏற்றுகிறோம். மூன்றாவது, இறக்காமலே காமிராவை எடுக்க வழி இருக்கிறதா. பக்கவாட்டில் ஒரு வாய் இருந்தால், ஒரு தோளைக் கழற்றிப் பையை முன்னால் சுழற்றிக் காமிராவை எடுத்துவிடலாம். அந்த வாய் இல்லாத பையில் காமிரா முதுகுக்குப் பின்னாலேயே தூங்கும். மலை அணில் கிளை தாண்டிப் போன பிறகு விழிக்கும். மேகமலையில் இன்னொரு சங்கடம் உண்டு. மழைக்காலத்தில் பையைப் புல்லில் வைத்தால் அட்டைகள் ஏறி வார் மடிப்பில் உட்கார்ந்துகொள்ளும். பை முதுகுக்குப் போகும். அப்புறம் அவை போகிற இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் பைக்குள் காகிதத்தைத் திணித்து, "போட்டுப் பாருங்க சார், பஞ்சு மாதிரி இருக்கு" என்றான். காகிதம் போட்டால் எந்தப் பையும் பஞ்சு மாதிரிதான் இருக்கும். நான் கொண்டுபோன ஏழரைக் கிலோவையும் அதற்குள் வைத்து, மாடிப்படியில் ஏறி இறங்க உத்தரவு கேட்டேன். முதலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார். பையனைத் துணைக்கு அனுப்பினார், நான் அப்படியே ஓடிவிடாமல் இருக்க. மூன்று மாடி, ஆறு தரம். மூன்றாவது தரத்திலேயே முதல் பை தன் குணத்தைக் காட்டிவிட்டது. பட்டை வயிற்றைப் பிடித்தது. இரண்டாவது பை முதுகை விட்டு நாலு விரற்கடை தள்ளி நின்று பின்னால் இழுத்தது. ஐந்தாவது பையோடு இறங்கும்போது துணைக்கு வந்த பையன்தான் இளைத்துப்போனான். "சார், எல்லாப் பையும் ஒரே அளவுதான், உங்களுக்கு என்ன வேணும்?" என்றான் பாவம். அவன் சொன்னது சரி. குடை மாதிரி, பையும் எல்லோருக்கும் ஒரே அளவு என்றுதான் விற்கிறார்கள். முதுகு அப்படி இல்லையே!

முதுகை அளக்க வேண்டும் என்று கம்பத்தில் எனக்குச் சட்டை தைக்கிற தையல்காரரிடம் போனேன். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேராக முதுகில் வருகிற இடம் வரைக்கும் உள்ள நீளம்தான் பைக்கு உரிய அளவு. ஆள் உயரம் அல்ல. டேப்பை வைத்துப் பார்த்துப் பதினேழு அங்குலம் என்றார். "உயரத்துக்கு முதுகு கட்டைதான்ணே, கால்தான் நீளம்" என்று சேர்த்துக்கொண்டார். பதினைந்து வருஷமாக எனக்குச் சட்டை தைக்கிறவர், ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் காமிராப் பை தேடுவதையே விட்டுவிட்டேன். மலையேறுகிறவர்களுக்கான பைகளில் முதுகுப் பலகையை மேலும் கீழும் நகர்த்தி அளவு வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒன்று, முப்பத்தைந்து லிட்டர் கொள்வது, வெறும் எடை 1300 கிராம், பக்கவாட்டில் ஒரு நீள ஜிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். மெத்தைக் கடையில் அரை அங்குல ரப்பர் பஞ்சு வாங்கி, தையல்காரரிடம் கொடுத்து, பைக்குள் இறங்குகிற மாதிரி இரண்டு அறை வைத்த உறை ஒன்று தைக்கச் சொன்னேன். உறை 250 கிராம். ஆக எல்லாம் சேர்ந்து ஒன்பது கிலோவுக்கு ஒரு சிட்டிகை மேலே. தையல்காரர் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன வைப்பீங்க?" என்று கேட்டார். விலையைச் சொன்னேன். உடனே வாங்கி, மூலையெல்லாம் இன்னொரு தையல் போட்டுக் கொடுத்தார்.

சில சில்லறை விஷயங்கள். ஆனி ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று லேசானதல்ல. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. பைக்கு மேலே போடுகிற மழை உறையைக் கொக்கி போட்டுக் கட்டாவிட்டால் அது பட்டமாகி ஏதாவது தென்னைக்குப் போய்விடும். மலையிலிருந்து இறங்கி வந்ததும் லென்ஸைப் பைக்குள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். லென்ஸுக்குள் பூஞ்சை படரும். பஸ்ஸில் ஏறும்போது முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது மரியாதை. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு; பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு தரம் என் பை அடுத்தவர் மூக்கில் இடிக்கக் கூடாதல்லவா?

பை தயாரான பிறகு வந்த சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்குப் போனேன். மங்கலதேவி மலைமேல் தமிழ்நாடும் கேரளமும் சேர்கிற எல்லையில் இருக்கிறது கோயில். 1300 மீட்டருக்கு மேலான உயரம். காடு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் திறப்பு. குமுளிப் பக்கமிருந்து ஜீப் போகிறது. கூடலூரைத் தாண்டிப் பளியன்குடியிலிருந்து நடந்தால் ஆறு கிலோமீட்டருக்கு மேல், எல்லாம் ஏற்றம். சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. அடிவாரத்தில் பையைத் திறந்து பார்த்துத்தான் விடுகிறார்கள். மதுரையை எரித்தவள் சிலம்பையும் அங்கேயே உடைத்துவிட்டு வெறுங்கையோடு மலை ஏறினாள். நாமானால் ஒன்பது கிலோவோடு அவளைப் பார்க்கப் போகிறோம்.

சோதனை முடிந்து பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். கூடலூர்ப் பக்கம்.

"சார், பையக் குடுங்க. மேல வரைக்கும் நான் தூக்கியாறேன். முந்நூறு ரூவா குடுத்தாப் போதும்."

"வேண்டாம்ப்பா. இது சௌகரியமா இருக்கு."

"எறநூத்தம்பது குடுங்க. ஏத்தம் ஜாஸ்தி சார், பாதியில உக்காந்துருவீங்க."

நான் சிரித்துக்கொண்டே பட்டையை இறுக்கினேன். அவன் சிரிக்கவில்லை. என் பையைச் சுற்றி வந்து இடுப்புப் பட்டையை ஒரு விரலால் தட்டிப் பார்த்தான். "இந்த மாதிரி பை வந்துட்டா எங்களுக்கு ஏது சார் வேலை?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரிக்கிற குரலில்தான் சொன்னான்.

முதல் ஒரு மணி நேரம் அந்த வார்த்தைதான் கூடவே ஏறி வந்தது. அடுத்தவன் தோளில் என் சாமானை ஏற்றி, அவன் பெயர் தெரியாத படத்துக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. அதற்காகத்தானே கடை கடையாக மாடி ஏறினேன்? ஆனால் அவனுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது என் கொள்கை அல்ல, முந்நூறு ரூபாய். வருஷத்தில் ஒரு நாள் திறக்கிற கோயிலால் வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கிற கூலி அது. எது நியாயம் என்று ஏறும்போதும் முடிவு செய்ய முடியவில்லை. இதை எழுதும்போதும் முடியவில்லை. டாக்டர் கேட்டால் பையன் பக்கம்தான் பேசியிருப்பார்.

பை நன்றாகத்தான் உழைத்தது. பாரம் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. இடது தோள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது திருப்பத்தில் மர நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, அறுபத்தைந்து வயசுக்குக் குறையாது, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏப்பா, பாரம் கீழ தொங்குது பாரு. மேல ஏத்திக் கட்டு. முதுகோட ஒட்டணும்" என்றாள். தண்ணீரைப் பையின் அடியில் வைத்திருந்தேன். அங்கேயே இறக்கி, பாட்டிலை மேலே முதுகை ஒட்டினாற்போல் மாற்றி வைத்தேன். பை அரைக் கிலோ குறைந்த மாதிரி இருந்தது. பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கப் புத்தகம் அந்தப் பையோடு வந்திருந்தது. பாட்டி சொன்னது அதில் எட்டாவது பக்கத்தில் இருக்கிறது.

மேலே போனால் கோயில் என்பது பாதி இடிந்த கற்சுவர்கள்தான். வெயில், மாலை, கூட்டம், குங்கும வாசனை. வளையலும் மஞ்சள் கயிறும் கைமாறிக்கொண்டே இருந்தன. சுவரோரம் நின்று கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் விரித்த பாய் மாதிரி தெரிந்தது. கூடலூர்க் கூரைகள், தென்னந்தோப்பு, தண்ணீர் மின்னுகிற வாய்க்கால். பையை இறக்காமலே காமிராவை எடுத்தேன். பக்கவாட்டு ஜிப்புக்குக் கொடுத்த காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

இறங்குகிறபோது பாதி வழியில் அந்தப் பையனை மறுபடி பார்த்தேன். காலையில் எனக்குப் புத்தி சொன்ன பாட்டியின் மூட்டையும் அவள் மகளின் மூட்டையும் அவன் தலைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. கழுத்துத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டியிருந்தான். இரண்டு கையும் காலி. ஒரு கையில் செல்போன். யாருடனோ பேசிக்கொண்டே கல்லுக்குக் கல் கால் வைத்து இறங்கினான். மூட்டை அசையவில்லை. பாட்டி பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவு பேசினே?" என்று கேட்டேன்.

"இவுகளுக்கு நூறுதான் சார். அப்பத்தா பேரம் பேசிருச்சு" என்றான். பிறகு நின்று, "ஒரு போட்டோ எடுங்க சார், வாட்ஸப்புல அனுப்புங்க" என்றான்.

எடுத்தேன். அன்றைக்கு எடுத்தவற்றில் அந்த ஒன்றுதான் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அவனுக்கும் அன்று ராத்திரியே அனுப்பிவிட்டேன். மூட்டையின் மேல் பாகம் ஒரு விரற்கடை வெட்டுப்பட்டிருக்கிறது, அடுத்த சித்திரைக்கு முழுசாக எடுங்கள் என்று பதில் போட்டிருந்தான்.